விழப்போற பல்லுக்கு எதுக்கு வைத்தியம்? பால் பல் சொத்தை: விவாத இழை

#1 நூல்கண்டு

குழந்தைகளின் பல் பற்றி யார் கேள்வி கேட்டாலும் ஐந்தாவது பதிலுக்குள் ஒருவர் வந்து "விழப்போற பல்தானே, விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். இதை ஒரு தடவை தீரப் பேசிவிடலாம் என்றுதான் இந்த இழை.

மாதிரிக்கு ஒரு கேள்வி. 5 வயதுக் குழந்தை. கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டும் ஒட்டுகிற இடத்தில் கருநிழல் தெரிகிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை. என்ன செய்ய வேண்டும், ஏன்? "எங்க வீட்ல அப்படி ஆச்சு" கதைகளை வேறு இழையில் வைத்துக்கொள்வோம். இங்கே வயது, அளவு, காரணம் போதும்.

#2 கடைவாய்

விழப்போற பல் என்பது சரிதான். எப்போது விழும் என்பதில்தான் எல்லோருடைய கணக்கும் தப்புகிறது. 6, 7 வயதில் முன்பல் ஆடி விழுவதைப் பார்த்துவிட்டு, எல்லாப் பால் பல்லும் அதோடு போய்விடும் என்று நினைத்துக்கொள்கிறோம். கடைவாய்ப் பால் பற்கள் பெரும்பாலும் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்கும். 5 வயதில் சொத்தை என்றால், அந்தப் பல்லை வைத்துக்கொண்டு குழந்தை இன்னும் ஐந்தாறு வருடம் மென்று சாப்பிட வேண்டும்.

இரண்டாவது விஷயம், பால் பல்லின் எனாமல் (பல்லின் கெட்டியான வெளி ஓடு) நிலைப் பல்லின் எனாமலில் ஏறக்குறைய பாதி கனம்தான். உள்ளே நரம்பு இருக்கும் கூடு பெரியது, மேற்பரப்புக்குக் கிட்டே இருக்கிறது. அதனால் சொத்தை வேகமாக உள்ளே போகும். இரண்டு பல்லுக்கு நடுவில் கருநிழல் தெரிகிறது என்றால், மேல் ஓடு உடையாமலே உள்ளே குடைந்தாகிவிட்டது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். எவ்வளவு ஆழம் என்பது கண்ணுக்குத் தெரியாது. கடித்துப் பிடித்துக்கொண்டு எடுக்கும் சின்ன எக்ஸ்ரே ஒன்று வேண்டும்.

"வலி இல்லை" என்பதை நம்ப வேண்டாம். நரம்பு செத்துவிட்டாலும் வலி நின்றுபோகும். அதன் பிறகு ஈறில் சின்னக் கொப்புளம் மாதிரி வரும், தானாக உடையும், திரும்ப வரும். குழந்தை ஒன்றும் சொல்லாது. ஆனால் அது சீழ் வடியும் வழி. அந்தப் பால் பல்லின் வேர்களுக்கு நடுவில்தான் நிலைப் பல்லின் குருத்து வளர்ந்துகொண்டிருக்கிறது. அங்கே நாள்பட்ட சீழ் தங்கினால், பின்னால் முளைக்கும் நிலைப் பல் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டு விழுந்து வரலாம்.

#3 ஒத்துக்கமாட்டேன்

சரி டாக்டர், அவ்ளோ ஆபத்துன்னா பிடுங்கிட வேண்டியதுதானே? ஒரு ஊசி, ஒரு நிமிஷம், முடிஞ்சுது. அதுக்குப் போய் 5 வயசுக் குழந்தையை நாலு தடவை நாற்காலியில உட்கார வச்சு, எக்ஸ்ரே, ஃபிலிங், கேப்புன்னு இழுத்தடிக்கணுமா?

#4 கடைவாய்

பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும். ஆனால் பிடுங்கியதோடு வேலை முடிவதில்லை. பால் பல் மென்று தின்ன மட்டும் இல்லை, பின்னால் வரும் பல்லுக்கு இடம் பிடித்துவைக்கும் வேலையும் அதற்கு உண்டு. 6 வயதில் முளைக்கும் பெரிய கடைவாய்ப் பல் எப்போதும் முன்பக்கம் சாயப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது அதற்கு முன்னால் இருக்கும் இரண்டாவது கடைவாய்ப் பால் பல். அதை 5 வயதில் எடுத்துவிட்டால் பெரிய பல் வழுக்கிக்கொண்டு முன்னே வந்துவிடும். அப்புறம் 11, 12 வயதில் வரவேண்டிய பல்லுக்கு இடமில்லாமல், அது பக்கவாட்டில் தள்ளி முளைக்கும், அல்லது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பல் எடுத்த முதல் ஆறு மாதத்தில்தான் இடம் அதிகமாகச் சுருங்குகிறது.

எடுத்தே தீர வேண்டுமென்றால், இடம் காக்கும் கம்பி வளையம் ஒன்றைப் பக்கத்துப் பல்லில் மாட்ட வேண்டும். அதையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். சிமென்ட் கழன்று வளையத்துக்கு அடியில் சாப்பாடு தங்கினால், தாங்கிப் பிடிக்கும் பல்லும் சொத்தையாகும். ஆக, நீங்கள் சொல்லும் "ஒரு நிமிஷம்" ஐந்தாறு வருடக் கண்காணிப்பாக மாறுகிறது. முன்பல் மட்டும் இதற்கு விலக்கு. சீக்கிரம் போனாலும் இடம் அவ்வளவாகச் சுருங்குவதில்லை.

#5 ஒத்துக்கமாட்டேன்

இடம் சுருங்கும் விஷயம் ஒத்துக்கிறேன். (பேரை மாத்தணும் போல.) ஆனா டிரில் சத்தம் கேட்டாலே வாயை மூடிக்கிற குழந்தைக்கு என்ன வழி?

#6 கடைவாய்

டிரில் இல்லாமலே இரண்டு வழி உண்டு.

ஒன்று, ஹால் முறை. சொத்தையைச் சுரண்டுவதில்லை, ஊசி இல்லை. பல் இடுக்கில் சின்ன ரப்பர் வளையம் வைத்துச் சில நாள் விட்டால் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். பிறகு சரியான அளவு ஸ்டீல் கேப்பில் (பல் முழுவதையும் மூடும் உறை) சிமென்ட் நிரப்பி அப்படியே அழுத்தி மாட்டிவிடுவது. உள்ளே அடைபட்ட கிருமிக்குச் சர்க்கரை கிடைக்காததால் சொத்தை நின்றுவிடும். கேப் போட்ட முதல் சில நாள் கடி உயரமாக இருக்கும், குழந்தை "பல் இடிக்குது" என்று சொல்லும். சில வாரத்தில் தானாக இறங்கிச் சரியாகிவிடும். ஆனால் தானாக ராத்திரி வலித்து எழுப்பும் பல், ஈறில் கொப்புளம் வந்த பல் இவற்றுக்கு இது கூடாது. செத்த நரம்பை மூடி வைத்தால் சீழ்தான் சேரும்.

இன்னொன்று, 38 சதவீத சில்வர் டைஅமைன் ஃபுளோரைடு. சொத்தைக் குழியை உலர்த்தி ஒரு சொட்டு தடவுவது. சொத்தை கெட்டிப்பட்டு நின்றுவிடும். ஆனால் அந்த இடம் கருப்பாகிவிடும், அது போகாது. இதை முன்னாலேயே சொல்லாமல் தடவிவிட்டுப் பெற்றோரிடம் வாங்கிக் கட்டிக்கொள்பவர்கள் உண்டு. உதட்டிலோ தோலிலோ பட்டால் வரும் கறை ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். ஒரு தடவையோடு நிறுத்தாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவினால்தான் பலன் நிற்கும். வெள்ளி ஒவ்வாமை இருந்தால் வேண்டாம்.

முதல் பதிவில் கேட்ட குழந்தைக்கு: எக்ஸ்ரேயில் நரம்பு வரை போகவில்லை என்றால் என் தேர்வு கேப். இரண்டு பல்லுக்கு நடுவில் வரும் சொத்தைக்குப் பால் பல்லில் வெறும் ஃபிலிங் சீக்கிரம் உடைகிறது, ஓரத்தில் கசிகிறது.

#7 பல்துலக்கி

டாக்டர் சொன்னது எல்லாம் குழி விழுந்த பிறகு. குழி விழுவதற்கு முன்னாடி ஒரு கட்டம் இருக்குங்க, அதை வீட்டிலேயே பார்க்கலாம். மாதம் ஒரு தடவை குழந்தையின் மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்க. முன்பல்லும் ஈறும் சேர்கிற இடத்தில் சுண்ணாம்புக் கோடு மாதிரி மங்கலான வெள்ளை தெரியுதா? பல் ஈரமாக இருந்தால் தெரியாது. சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துட்டுப் பாருங்க. அதுதான் சொத்தையின் முதல் படி. எனாமலில் இருந்து தாது கரைந்திருக்கு, ஆனால் ஓடு உடையலை. இந்தக் கட்டத்தில் ஃபுளோரைடும் சாப்பாட்டு ஒழுங்கும் சேர்ந்தால் திரும்பக் கெட்டிப்படும். பழுப்பாகி, நகத்தில் தட்டுப்பட ஆரம்பிச்சா தாமதம்.

ஏன் மேல் முன்பல் முதலில் போகுதுன்னா, கீழ் முன்பல்லை நாக்கு மூடிக்குது, பக்கத்திலேயே எச்சில் சுரப்பியும் இருக்கு. மேல் முன்பல்லுக்கு அந்தக் காவல் இல்லை.

இனி துலக்கும் முறை. முதல் பல் எட்டிப்பார்த்த அன்றே ஆரம்பிக்கணும், ஏறக்குறைய 6 மாதத்தில். குழந்தைக்கு எதிரே நின்று துலக்கினால் தலை பின்னால் போய்க்கொண்டே இருக்கும். பின்னால் நின்று, தலையை உங்கள் வயிற்றில் சாய்த்து, இடது கையால் தாடையைத் தாங்கிக்கிட்டு, ஆள்காட்டி விரலால் உதட்டை ஒதுக்குங்க. ஒன்றரை வயசு அடம்பிடிச்சா, இரண்டு பெரியவர்கள் முழங்காலோடு முழங்கால் ஒட்டி உட்கார்ந்து, குழந்தையின் தலை ஒருத்தர் மடியிலும் கால் இன்னொருத்தர் இடுப்பைச் சுற்றியும் வருகிற மாதிரி படுக்கவையுங்க. வாய் முழுக்கத் தெரியும். அழுதால் வாய் இன்னும் நல்லாத் திறக்கும் (கொடுமைதான், ஆனா வேலை முடியும்).

பிரஷ் தலை சின்னது, முடி மிருதுவானது. ஈறும் பல்லும் சேரும் கோட்டில் வைத்துச் சின்னச் சின்ன வட்டம். மேல், கீழ், வெளி, உள், மெல்லும் பரப்பு, மொத்தம் 2 நிமிடம். எல்லோரும் விடுகிற இடம் இரண்டு: கீழ்க் கடைவாயின் நாக்குப் பக்கம், மேல்க் கடைவாயின் கன்னப் பக்கம். மேல்க் கன்னப் பக்கத்துக்கு வாயைப் பெரிசாகத் திறக்கச் சொல்லாதீங்க. திறந்தால் தாடை எலும்பு முன்னே வந்து பிரஷ் நுழையாது. பாதி மூடச் சொன்னால் கன்னம் தளரும்.

7, 8 வயசு வரை பெரியவர்தான் துலக்கணும். அது வரை அந்த விரல் நுணுக்கம் குழந்தைக்கு வராது. "நானே செய்றேன்"னு சொன்னா செய்யட்டும், அப்புறம் நீங்க ஒரு சுற்று.

#8 மணல்மேடு

பேஸ்ட் எவ்வளவு? எந்த வயதில் ஃபுளோரைடு? குழந்தை துப்பத் தெரியாமல் விழுங்கிவிடுகிறதே என்றுதான் பல பேர் ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட்டுக்குப் போகிறார்கள்.

#9 குப்பிமருந்து

கணக்கோடு சொல்றேன். 1000 பிபிஎம் பேஸ்ட் என்றால் ஒரு கிராமில் 1 மில்லிகிராம் ஃபுளோரைடு.

3 வயது வரை அரிசி அளவு, ஏறக்குறைய 0.1 கிராம், அதாவது 0.1 மி.கி. 3 முதல் 6 வரை பட்டாணி அளவு, ஏறக்குறைய 0.25 கிராம், அதாவது 0.25 மி.கி. இந்த அளவை விழுங்கினாலும் நஞ்சாகாது. விளம்பரப் படத்தில் வரும் அலை மாதிரி முழு நீளப் பேஸ்ட் பெரியவர்களுக்குமே தேவையில்லாதது.

பெட்டியில் சதவீதம் போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். சோடியம் ஃபுளோரைடு 0.22% என்பதும் சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட் 0.76% என்பதும் ஏறக்குறைய ஒரே 1000 பிபிஎம்தான். உப்பின் எடையைப் போட்டிருக்கிறார்கள், ஃபுளோரைடின் எடையை அல்ல. 0.76 பெரிசு, அதனால் ஆபத்து என்று நினைப்பது தப்பு.

பொம்மைப் படம் போட்ட பேஸ்ட் எல்லாம் ஒன்று இல்லை. சிலதில் 500 பிபிஎம், சிலதில் சுத்தமாக இல்லை. சொத்தையைத் தடுக்கும் என்று உறுதியான ஆதாரம் இருப்பது 1000 மற்றும் அதற்கு மேல். "காரமா இருக்கு" என்று அழும் குழந்தைக்குப் பிரச்சினை ஃபுளோரைடு இல்லை, புதினா எண்ணெய். புதினா இல்லாத பேஸ்ட் வாங்கினால் போதும்.

நிஜமான ஆபத்து எதுவென்றால், குழந்தை ட்யூபையே பிழிந்து தின்பது. உடல் எடை கிலோவுக்கு 5 மி.கி. ஃபுளோரைடு உள்ளே போனால் உடனே ஆஸ்பத்திரி. 12 கிலோ குழந்தைக்கு 60 மி.கி., அதாவது 1000 பிபிஎம் பேஸ்ட்டில் 60 கிராம். 1450 பிபிஎம் பெரியவர் பேஸ்ட் என்றால் ஏறக்குறைய 41 கிராமே போதும். நக்கிவிட்டது, கொஞ்சம் தின்றது, வயிறு வலிக்கிறது என்றால் பால் கொடுங்கள், கால்சியம் ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு போனது என்று தெரியாவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல், ட்யூபையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

#10 ஒத்துக்கமாட்டேன்

அப்போ பல்லில் வெள்ளைத் திட்டு வரும் ஃபுளோரோசிஸ் கட்டுக்கதையா?

#11 குப்பிமருந்து

கட்டுக்கதை இல்லை. நிலைப் பல்லின் தலைப்பகுதி தாடைக்குள் உருவாகும் காலத்தில், அதாவது ஏறக்குறைய 8 வயது வரை, தொடர்ந்து அதிக ஃபுளோரைடு உள்ளே போனால் வரும். அதனால்தான் அரிசி அளவு, பட்டாணி அளவு என்று தலைகீழாக நிற்கிறோம். லேசானது மங்கலான வெள்ளைக் கீற்று, கடுமையானது பழுப்புக் குழி. கடுமையானதற்குப் பெரும்பாலும் காரணம் பேஸ்ட் அல்ல, குடிநீர். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1.5 மி.கி. நிலத்தடி நீரில் அதற்கு மேல் இருக்கும் பகுதி என்றால் முதலில் நீரைப் பரிசோதியுங்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். எதிர் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) வடிகட்டி குறைக்கும். அப்படிப்பட்ட இடத்தில் பேஸ்ட்டின் அளவைப் பல் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

#12 பல்துலக்கி

பேஸ்ட்டோடு சேர்த்து ஒன்று. துப்பணும், கொப்புளிக்கக் கூடாது. தண்ணீர் விட்டு நாலு தடவை கொப்புளிச்சா, பல்லில் ஒட்டி நிற்க வேண்டிய ஃபுளோரைடு வாஷ்பேசினுக்குப் போயிடும். இங்கே நிறையப் பேருக்கு இது ஒப்பாது, "வாயெல்லாம் நுரையா இருக்கே"ன்னு. பேஸ்ட்டைக் குறைங்க, நுரையும் குறையும்.

காலை, ராத்திரி இரண்டில் ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும்னா ராத்திரியை விடாதீங்க. தூக்கத்தில் எச்சில் சுரப்பு மிகக் குறைந்துடும். பகலில் அமிலத்தைக் கழுவிச் சமன்படுத்துவது எச்சில்தான். துலக்கின பிறகு தண்ணீர் மட்டும்.

#13 நூல்கண்டு

இனிப்பு? "எவ்வளவு" என்பதைவிட "எத்தனை தடவை" முக்கியம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. ஏன்?

#14 கடைவாய்

சர்க்கரை உள்ளே போன சில நிமிடத்தில் பல் மேல் படிந்த கிருமிப் படலத்தில் அமிலம் ஏறி, பிஹெச் (அமில அளவுகோல், எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே இறங்கும். அங்கிருந்து எனாமல் கரைய ஆரம்பிக்கும். எச்சில் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். ஒரு சாக்லேட்டை ஒரே மூச்சில் தின்றால் ஒரு இறக்கம். அதையே பத்துத் துண்டாக்கி மத்தியானம் முழுக்கக் கொறித்தால், பல்லுக்கு மீண்டு எழ நேரமே கிடைக்காது. ஆகவே இனிப்பு கொடுப்பதென்றால் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள், அப்போது எச்சில் நிறையச் சுரக்கும்.

மறைந்திருக்கும் சர்க்கரைகள்தான் தொல்லை. பழச்சாறு "இயற்கை" என்பது பல்லுக்குத் தெரியாது. சர்க்கரையும் அமிலமும் சேர்ந்து வருகிறது. பல்லில் ஒட்டிக்கொள்ளும் உலர்பழமும் அப்படித்தான். ராத்திரி தூங்கும் முன் கொடுக்கும் இருமல் சிரப்பில் சர்க்கரை இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள், சர்க்கரை இல்லாத வகை கிடைத்தால் அதை வாங்குங்கள். சிரப்பைக் கொடுத்துவிட்டுத் துலக்குங்கள், துலக்கிவிட்டுச் சிரப் வேண்டாம்.

புளிப்புப் பானம் குடித்தாலோ, வாந்தி எடுத்தாலோ உடனே துலக்காதீர்கள். மேற்பரப்பு இளகியிருக்கும். தண்ணீரில் கொப்புளித்துவிட்டு அரை மணி கழித்துத் துலக்கலாம்.

#15 மணல்மேடு

பால் புட்டியை வாயில் வைத்துக்கொண்டே தூங்குவது?

#16 கடைவாய்

கூடாது. தூங்கும்போது விழுங்குவது நின்றுவிடும், பால் மேல் முன்பல்லைச் சுற்றித் தேங்கும். புட்டியில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாலைக் குறைத்து ஒரு வாரத்தில் வெறும் தண்ணீராக்கலாம். ஆனால் பாலை நீர்த்துக் கொடுப்பது 1 வயதுக்கு மேல்தான், கைக்குழந்தைக்குக் கூடாது. 1 வயதில் டம்ளர் பழக்க ஆரம்பித்து, ஒன்றரை வயதுக்குள் புட்டியை விடுவது நல்லது. தாய்ப்பால் நிறுத்த வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. பல் முளைத்த பிறகு இரவு முழுக்க அடிக்கடி பால் குடிக்கும் குழந்தைக்கு, தூங்கும் முன் ஒருமுறை ஒழுங்காகத் துலக்குவது இரட்டை அவசியம்.

#17 பல்துலக்கி

யாரும் இன்னும் ஆறு வயசுப் பல்லைப் பேசலையே! எந்தப் பல்லும் விழாமல், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னாடி சத்தமில்லாமல் முளைக்கும் நிலைப் பல் அது. அதையும் பால் பல்னு நினைச்சு விட்டுடுறாங்க. வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய பல். பாதி முளைச்சிருக்கும்போது பக்கத்துப் பல்லை விட உயரம் குறைவா இருக்கும், நேராகத் துலக்கினால் பிரஷ் அதைத் தொடவே தொடாது. பிரஷைக் கன்னப் பக்கத்திலிருந்து குறுக்கே நுழைத்து அந்த ஒரு பல்லை மட்டும் தனியாகத் துலக்கணும். முழுசா மேலே வர ஒரு வருடத்துக்கு மேலேயும் ஆகலாம், அந்தக் காலம்தான் ஆபத்து.

#18 கடைவாய்

அந்தப் பல்லுக்குச் சீலன்ட், அதாவது பள்ளங்களை அடைக்கும் பூச்சு, போடலாம். மேல்பரப்பில் உள்ள பள்ளக்கோடுகள் சில, பிரஷ் முடியே நுழையாத அளவுக்குக் குறுகல். சுத்தம் செய்து, 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல்லை 15 முதல் 30 விநாடி வைத்து, கழுவி, சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும் வரை உலர்த்தி, திரவப் பிசினை ஓடவிட்டு, நீல ஒளியில் கெட்டிப்படுத்துவது. ஊசியும் இல்லை, டிரில்லும் இல்லை. சீலன்ட் பிடிக்காமல் போவதற்கு முக்கியக் காரணம் எச்சில். அமிலம் வைத்துக் கழுவிய பிறகு ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் பிசின் பிடிக்காது. திரும்ப அமிலம் வைத்துத்தான் தொடர வேண்டும். ஈறு இன்னும் பல்லின் பின்பாதியை மூடிக்கொண்டிருந்தால் உலர்த்தவே முடியாது. அப்போது கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமென்ட்டைத் தற்காலிகமாக வைத்துவிட்டு, முழுசாக முளைத்ததும் மாற்றலாம்.

சில குழந்தைகளுக்கு இந்தப் பல் முளைக்கும்போதே மஞ்சள் பழுப்புத் திட்டோடு, உதிரும் தன்மையோடு வரும், தண்ணீர் பட்டாலே கூசும். அது துலக்காததால் வந்தது அல்ல, உருவாகும்போதே தாது குறைந்தது. குழந்தையைத் திட்டாமல் சீக்கிரம் காட்டுங்கள்.

#19 மணல்மேடு

பல் இடுக்கு நூல் எப்போது?

#20 பல்துலக்கி

இரண்டு பல் ஒட்டியதும். முன்பற்களுக்கு நடுவில் இடைவெளி இருந்தால் தேவையில்லை. கடைவாய்ப் பால் பற்கள் 3, 4 வயசுக்குள் ஒட்டிடும், முதல் பதிவில் சொன்ன கருநிழல் அங்கேதான். கைப்பிடி வைத்த ஃபிளாஸ் சுலபம். நேராக அழுத்தி இறக்காதீங்க, ஈறை அறுக்கும். ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் அசைச்சு இறக்கி, ஒவ்வொரு பல்லையும் தழுவின மாதிரி மேலே இழுங்க. ராத்திரி ஒரு தடவை போதும். நூல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிய்ந்தால் அங்கே குழியோ, ஃபிலிங்கின் பிசிறோ இருக்கு.

#21 குப்பிமருந்து

அவசரத்துக்கு ஒரு குறிப்பு. பல் வலிக்குப் பாராசிட்டமால், எடைக் கணக்கில், ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., 6 மணி நேர இடைவெளி. ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைப்பது ஈறைப் பொசுக்கும், குழந்தைக்கு ஆஸ்பிரினே கூடாது. பென்சோகெயின் ஜெல் 2 வயதுக்குக் கீழ் வேண்டாம், ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைக் கெடுக்கக் கூடியது. ஆன்டிபயாடிக் சொத்தையை ஆற்றாது. முகம் வீங்கிக் காய்ச்சல், விழுங்க முடியவில்லை, கண் வரை வீக்கம் என்றால் அன்றே ஆஸ்பத்திரி. பல் முளைக்கும்போது லேசாக உடம்பு சுடலாம், 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் என்றால் அதைப் பல்லின் மேல் போடாதீர்கள்.

#22 கடைவாய்

விழுந்து பல் பெயர்ந்துவிட்டால்: பால் பல் என்றால் திரும்ப வைக்கவே கூடாது, கீழே இருக்கும் குருத்து நசுங்கும். நிலைப் பல் என்றால் தலைப்பகுதியைப் பிடித்து எடுங்கள், வேரைத் தொட வேண்டாம், தேய்க்க வேண்டாம். அழுக்கு இருந்தால் பாலிலோ ஓடும் தண்ணீரிலோ 10 விநாடி அலசி, அதே குழியில் பொருத்தி, துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போடுங்கள். தண்ணீரில் ஊறவைத்தாலும் பஞ்சில் சுற்றினாலும் வேர் மேல் இருக்கும் செல்கள் செத்துவிடும். அரை மணிக்குள் பொருத்தினால் பிழைக்கும் வாய்ப்பு நல்லது. உலர்ந்தபடி ஒரு மணியைத் தாண்டினால் மிகக் குறைவு. உடைந்த துண்டு கிடைத்தால் அதையும் கொண்டுவாருங்கள், ஒட்ட முடியும்.

#23 ஒத்துக்கமாட்டேன்

கடைசியா ஒண்ணு. கீழ் முன்பல் விழறதுக்கு முன்னாடியே பின்னால ரெண்டாவது வரிசையா பல் முளைச்சிருந்தா? உடனே பிடுங்கணுமா? இந்தத் தடவை நான் பிடுங்கச் சொல்லலை, கேட்கத்தான் செய்றேன்.

#24 கடைவாய்

பால் பல் ஆடுகிறதா பாருங்கள். ஆடினால் குழந்தையை நாக்கால் தள்ளி ஆட்டச் சொல்லுங்கள். அது விழுந்ததும் பின்னால் உள்ளதை நாக்கே முன்னே தள்ளிக்கொண்டு வந்துவிடும். இரண்டு மாதம் போல ஆகியும் கொஞ்சம்கூட ஆடவில்லை என்றால், அப்போது பிடுங்கலாம்.

#25 ஒத்துக்கமாட்டேன்

ஆக, ஒரு பல்லையாவது பிடுங்கலாம்னு சொல்லிட்டீங்க. போதும் டாக்டர்.